கொளஞ்சியம்மாளுக்கு மட்டும் அடங்கிய பெட்டி

கள்ளக்குறிச்சி கடைவீதியில் டிரங்குப் பெட்டி செய்துகொண்டிருந்த பச்சமுத்துவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். துரு. மற்றபடி சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். கடன் சொன்னவனிடம்கூட முகம் சுளிக்க மாட்டார். ஆனால் தான் செய்த பெட்டியில் ஒரு புள்ளி துரு கண்டுவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

இதற்குக் காரணம் உண்டு. வடக்கனந்தலில் அவர் பையனாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிற கூலிகள். வீட்டில் சொத்து என்று சொல்ல ஒரு தகரப் பெட்டி இருந்தது. ஓர் ஐப்பசியில் கூரை ஒழுகி, பெட்டி துருவேறி, உள்ளே இருந்த அம்மாவின் கல்யாணப் புடவையில் கறை பிடித்துவிட்டது. அம்மா எவ்வளவு துவைத்தும் போகவில்லை. அவள் அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. கறை வெளியே தெரியாதபடி கொசுவத்தில் மடித்துக் கட்டிக்கொண்டு நல்லது கெட்டதுக்குப் போய் வந்தாள். அந்த மடிப்பு பச்சமுத்துவின் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

அதனால் அவர் பட்டறையில் ஒரு பெட்டிக்கு ஆகிற பெயிண்டில் அடுத்த பட்டறைக்காரர்கள் இரண்டு பெட்டி முடிப்பார்கள். வெளியே அடிப்பார், உள்ளே அடிப்பார், மூடியின் மடிப்புக்குள் தூரிகையை நுழைத்து அடிப்பார். ஆணி இறங்குகிற ஓட்டையின் விளிம்புக்கும் தொட்டு வைப்பார். ஆணிக்கு அடியில் ரப்பர் வாஷர், ஆணிக்கு மேலே இன்னொரு சொட்டு பெயிண்ட். "பொட்டிக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்?" என்று கேட்டால், "துரு பாக்குமே" என்பார்.

செய்வது அவர். விற்பது அவர் மனைவி கொளஞ்சியம்மாள். கள்ளக்குறிச்சி சந்தையிலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைச் சந்தையிலும் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவள் ஒரு குரல் கொடுத்தால், மலைமேல் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் புளியைக் கொட்டியது கொட்டியபடி திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பஸ் நிலையத்தில் நின்று கூப்பிட்டால் உளுந்தூர்பேட்டை பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிடுவார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் குரலில் பாதி வியாபாரத்துக்கு, மீதி பாதி புருஷனுக்கு. காலையில் அவர் பல் விளக்குவதில் தொடங்கி இரவு பாய் விரிப்பது வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவருக்கும் அது இல்லாவிட்டால் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. அப்படியும் சில குடும்பங்கள் உண்டு, நம்புங்கள்.

அந்தக் குரல் போயிற்று. தொண்டையில் கட்டி. பாண்டிச்சேரியில் அறுத்து எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் சன்னமாகத்தான் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். சன்னம் என்றால் எவ்வளவு சன்னம்? தவிட்டை ஊதினால் வருகிற அளவு. எதிரில் இருப்பவர், "ஆ? இன்னா?" என்பார். அவள் மறுபடி சொல்லுவாள். அவர் மறுபடி, "இன்னாமோ சொல்றியே, வெளங்கலியே" என்பார். இப்படிக் கொஞ்ச நாள் போனது. பிறகு அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் குண்டானில் தட்டுவாள், கையைக் காட்டுவாள். சந்தைக்குப் போவதும் நின்றது.

பச்சமுத்துவுக்கு வீடு வீடாக இல்லை. ஈரத் துண்டை வேண்டுமென்றே பாயில் போட்டுப் பார்த்தார். சோற்றில் உப்பில்லை என்று சொல்லிப் பார்த்தார். அவள் உப்பை எடுத்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்று அவர் பட்டறைக்கு வந்து, தட்டத் தகரம் இருந்தும் தட்டாமல், வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கடை கவுஸ் பாஷாவுடையது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பார், கல்யாணம் காதுகுத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடுவார். சத்தம் நின்ற காரணத்தைக் கேட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தவரிடம் பச்சமுத்து மனதை விட்டுச் சொன்னார்.

"பாய், உங்க மைக்கு செட்ட ஒரு நாளிக்கு எங்க வூட்டுக்குக் குடுங்க. அவ பேசறத நான் கேக்கணும்."

கவுஸ் பாஷா கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். கொளஞ்சியம்மாள் பேச மாட்டேன் என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் கெஞ்சிய பிறகு மைக்கில் ஏதோ சொன்னாள். ஒலிபெருக்கிக் குழாயில் காற்று மட்டும் வந்தது.

"இந்தச் சத்தம் ஆம்ப்ளிஃபையருக்குப் போதலண்ணே" என்றார் கவுஸ் பாஷா. "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சர்க்யூட்டு வெக்கணும். கம்மியா இருக்கற சத்தத்த ஜாஸ்தி பண்ணி உள்ள அனுப்பும். ப்ரீ ஆம்ப்ளிஃபையர்னு பேரு. நானே கட்டிடுவேன். ஆனா அது கண்ட இரைச்சலையும் இழுக்கும். சுத்திவர இரும்புப் பெட்டி வேணும்."

"பெட்டிதான?" என்றார் பச்சமுத்து. அவர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "அத எங்கிட்ட வுடுங்க."

கவுஸ் பாஷா சின்னப் பலகையில் சர்க்யூட்டைக் கட்டி வீட்டிலேயே வைத்துக் காட்டினார். லேசாக இரைந்தாலும், கொளஞ்சியம்மாள் சொன்ன "தண்ணி" என்ற சொல் குழாயில் தெளிவாகவே கேட்டது. பச்சமுத்து தண்ணீர் எடுக்க ஓடினார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டியைப் பச்சமுத்து செய்தார் பாருங்கள், அதைப் பெட்டி என்று சொல்லக்கூடாது. நல்ல தகரத்தில், மூலை பிசகாமல், மூடி சத்தமில்லாமல் உட்காருகிற மாதிரி. குமிழ் வருகிற ஓட்டை, மைக் செருகுகிற ஓட்டை எல்லாம் அரம் போட்டு வழவழவென்று. உள்ளேயும் வெளியேயும் சிவப்பு ப்ரைமர், அதன்மேல் கிளிப்பச்சை. மூடியின் உட்புறத்தில் இரண்டு கிளிகள் வரைந்தார். சர்க்யூட்டிலிருந்து வந்த ஒரு கறுப்பு ஒயரைக் காட்டி, "இத மட்டும் பெட்டியோட சேத்து முறுக்கிடுங்க, மறந்துடாதீங்க" என்று கவுஸ் பாஷா சொல்லியிருந்தார். பச்சமுத்து மறக்கவில்லை. பெயிண்ட் காய்ந்த பிறகு, ரப்பர் வாஷர் வைத்து, ஸ்க்ரூவை இறுக்கி, மேலே ஒரு சொட்டு பச்சை வைத்தார். கவுஸ் பாஷா ஒயரை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "வேலன்னா இது வேலண்ணே" என்றார்.

ஸ்விட்சைப் போட்டார்கள். 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் குழாயை நிரப்பிக்கொண்டு வந்தது. கொளஞ்சியம்மாள் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சலுக்கு அடியில் அவள் குரல் புதைந்து போயிற்று.

சர்க்யூட்டை வெளியே எடுத்து வைத்தார்கள். பேச்சு கேட்டது. பெட்டிக்குள் வைத்தார்கள். 'ம்ம்ம்ம்'.

"பெட்டி எப்பிடி பாய் சத்தம் போடும்?" என்று கேட்டார் பச்சமுத்து.

"அதாண்ணே எனக்கும் புரியல. பெட்டி இருந்தா சத்தம் அடங்கணும். இங்க தலைகீழா இருக்குது. பெட்டி இல்லாம தெறந்து போட்டும் வெக்க முடியாது, தூசி தண்ணி பட்டாப் போயிடும்."

அன்றிலிருந்து பச்சமுத்துவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. முப்பது வருஷமாகப் பெட்டி செய்கிறார். எந்தப் பெட்டியும் வாய் திறந்ததில்லை. தகரத்தில் கோளாறோ என்று வேறு கடையில் தகரம் வாங்கி இன்னொன்று செய்தார். அதுவும் இரைந்தது. பெயிண்ட் போதவில்லையோ என்று மூன்றாவது பெட்டிக்கு இன்னும் இரண்டு பூச்சு கூடுதலாக அடித்தார். அது முன்னதைவிட ஒரு பிடி அதிகமாகவே இரைகிற மாதிரி இருந்தது. விற்பனைக்கு வைத்திருந்த டிரங்குப் பெட்டிகளில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். பெட்டி வாங்க வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விசித்திரம். வீட்டில் ஒரு நாள் பெட்டி இரைந்துகொண்டிருக்கும்போது, வாசற்படியருகே தரையில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் அதன்மேல் கையை வைத்தாள். இரைச்சல் மட்டுப்பட்டது. கையை எடுத்தாள். கிளம்பிவிட்டது. பச்சமுத்து பட்டறையில் தகரத் துண்டு குத்தாமலிருக்க எப்போதும் டயர் செருப்புதான் போட்டிருப்பார். அதைப் போட்டபடியே வாசலில் நின்று, எட்டிக் கையை வைத்தார். பெட்டி இம்மியும் மசியவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். அதே 'ம்ம்ம்ம்'.

"செஞ்சது நானு, அடங்கறது ஒனுக்கா?" என்றார் மனைவியிடம். வீட்டில் எல்லாம் அப்படித்தானே என்று அவருக்குத் தோன்றியது. ஆடு அவள் பேச்சைத்தான் கேட்கும், அடுப்பு அவள் ஊதினால்தான் எரியும்.

சரி, அவளே பெட்டியில் கை வைத்துக்கொண்டு பேசட்டுமே என்று கவுஸ் பாஷா யோசனை சொன்னார். அது நடக்கவில்லை. ஒரு கையில் மைக், ஒரு கை பெட்டிமேல் என்றால் கொளஞ்சியம்மாளால் பேச முடியாது. அவள் பேச்சில் பாதி கையில் இருக்கிறது. கை வீசாமல் திட்ட அவளுக்குத் தெரியாது. ஆரம்பித்த இரண்டாவது சொல்லிலேயே கை பெட்டியை விட்டு மேலே போய்விடும். கோபத்தில் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு காலை. குழாயடியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு உள்ளே வந்த பச்சமுத்து, சாப்பிட இடம் பண்ணிக்கொள்வதற்காக, சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த பெட்டியை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தார். துண்டால் காதைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. கொளஞ்சியம்மாள் மட்டும் கரண்டியைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள். கையைத் தட்டினாள். பெட்டியைக் காட்டினாள், அவர் காலைக் காட்டினாள், மறுபடி பெட்டியைக் காட்டினாள்.

"வரேன், வரேன். சோறு ஆறிடாது" என்றார் பச்சமுத்து.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வாசலுக்கு ஓடி, அவருடைய டயர் செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்து, அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். ஆட்டிவிட்டுத் தூரப் போட்டாள். மறுபடி எடுத்து ஆட்டினாள்.

அதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிட்ட பச்சமுத்துவின் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. கொளஞ்சி எவ்வளவோ திட்டியிருக்கிறாள். அவர் அப்பனை இழுத்திருக்கிறாள், பாட்டனை இழுத்திருக்கிறாள். செருப்பை மட்டும் ஒரு நாளும் எடுத்ததில்லை. நாம் இவளுக்காக இந்தப் பாடு படுகிறோம், இவள் செருப்பால் அடிப்பேன் என்கிறாளே என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து, அவள் தூர எறிந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். அன்றிலிருந்து அவள் செருப்பைக் காட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள். ஒருவருக்கொருவர் பேசாமலிருக்க இப்போது இரண்டு பேருக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

விஷயத்தை அவர் கவுஸ் பாஷாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்?

கவுஸ் பாஷாவுக்கும் தூக்கம் போய்விட்டிருந்தது. அவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "கோளாறு நம்ம கரண்ட்டுல இருக்குதுண்ணே. பின்னாடி ரைஸ் மில்லு, பக்கத்துல வெல்டிங் பட்டற. எல்லா இரைச்சலும் லைன்ல வருது. வெள்ளிமலையில மில்லு ஏது, வெல்டிங் ஏது? சந்த அன்னைக்கு அங்க வெச்சுப் பாத்துடலாம். நானும் வரேன்."

கொளஞ்சியம்மாளைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதோடு சரி, கேட்காவிட்டால் இனிமேல் இந்தப் பெட்டிப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று பச்சமுத்து சுவரைப் பார்த்துச் சத்தியம் பண்ணின பிறகுதான் அவள் புடவை மாற்றினாள். அவர் அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவருக்கே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

டிரங்குப் பெட்டிகள் பஸ்ஸின் தலைமேலும், கிளிப்பச்சைப் பெட்டி பச்சமுத்துவின் மடியிலுமாக மலை ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொளஞ்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிமலையில் அவர்களுக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் பொன்னுரங்கம். கடையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். "இன்னா கொளஞ்சி, ஒன் சத்தம் இல்லாம சந்தையே செத்துப் போச்சு" என்றும் சொன்னார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கவுஸ் பாஷா குழாயைக் கம்பத்தில் கட்டினார். பெட்டியை ஒரு முக்காலிமேல் வைத்து, ஸ்விட்சைப் போட்டார்.

'ம்ம்ம்ம்' என்றது.

சந்தைக்கு வந்தவர்கள் நின்று குழாயைப் பார்த்தார்கள். "ஒயரு எரியுதா?" என்று ஒருவர் கேட்டார். கவுஸ் பாஷா தலையைச் சொறிந்தார். அவர் கைவசம் வேறு காரணம் இல்லை. கொளஞ்சியம்மாள் மைக்கை வாங்கக்கூட இல்லை. பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் போட்டது. பச்சமுத்துவுக்கு மற்றதெல்லாம் மறந்து தகரம்தான் ஞாபகம் வந்தது. முக்காலியை நோக்கி ஓடினார். செம்மண் சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு வார் அறுந்தது. வெறுங்காலோடு எட்டிப் பெட்டியை அணைத்தார்.

இரைச்சல் மட்டுப்பட்டது.

பச்சமுத்து அப்படியே நின்றார். கையை எடுத்தார். 'ம்ம்ம்ம்'. வைத்தார். அடங்கியது. "பாய், எனக்கும் அடங்குது" என்றார். ஏன் என்று விளங்காமல் சுற்றுமுற்றும் பார்த்தார். சேற்றில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இன்னொன்று காலில் இருந்தது. வெறுங்காலைத் தூக்கிக்கொண்டு செருப்புக் காலில் மட்டும் நின்று தொட்டார். இரைந்தது. வெறுங்காலை மண்ணில் வைத்தார். அடங்கியது. சந்தையே பார்க்க, கொக்கு மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

கவுஸ் பாஷா மூடியைத் திறந்தார். "அண்ணே, ஒங்க ஒடம்பு வழியா அந்த இரைச்சலு மண்ணுக்குப் போவுது. அந்த வேலய அந்தக் கறுப்பு ஒயருதான செய்யணும்? அது இன்னா பண்ணிக்கினு இருக்குது?" ஸ்க்ரூவைக் கழற்றினார். அடியில் வாஷர். வாஷருக்கு அடியில் பளபளவென்று பச்சை. "பெயிண்ட்டு மேலயா முறுக்கனீங்க?"

"வேற எது மேல முறுக்கறது? பெயிண்ட்டு இல்லாம எப்பிடிப் பெட்டி?"

"யா அல்லா. பெயிண்ட்டத் தாண்டி கரண்ட்டு போவாதுண்ணே. தகரத்த தொடணும். நாம இத்தினி நாளா முறுக்காமலே வெச்சிருந்த கணக்குதான். தப்பு எம்மேலயும் இருக்குது. கிளியப் பாத்துக்கினு நின்னுட்டேன், இதக் கவனிக்கல. இந்த எடத்துல கொஞ்சம் சொரண்டுங்க."

பச்சமுத்து திருப்புளியை வாங்கிக்கொண்டார். கை வரவில்லை. மேலே தூறுகிறது, கீழே பச்சைத் தகரம். "மழ பேயுது பாய். துரு புடிச்சிடும்" என்றார். அவர் குரல் கெஞ்சலாக இருந்தது. பூசிய பெயிண்டைத் தன் கையால் சுரண்டுகிற வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கொளஞ்சியம்மாள் எழுந்து வந்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை உருவி, ஸ்க்ரூ இருந்த இடத்தில் வறட் வறட்டென்று சுரண்டினாள். பச்சை போயிற்று, சிவப்பு போயிற்று, தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. மூடியைச் சுரண்டியதில் ஒரு கிளிக்கும் வாலில் கொஞ்சம் போயிற்று. மூடியின் விளிம்பையும் விடவில்லை. பச்சமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கவுஸ் பாஷா ஒயரைத் தகரத்தோடு சேர்த்து முறுக்கி மூடியைப் போட்டார்.

யாரும் தொடாமலே பெட்டி சும்மா இருந்தது. குழாயும் சும்மா இருந்தது. பொன்னுரங்கம் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

கொளஞ்சியம்மாள் மைக்கை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் சந்தை முழுவதும் கேட்டது. அவளே திடுக்கிட்டுக் குழாயை அண்ணாந்து பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"யோவ், செருப்பக் கழட்டிட்டுத் தொடுய்யா, செருப்பக் கழட்டிட்டுத் தொடுய்யான்னு எத்தினி நாளா காட்டிக்கினு இருந்தேன். பாத்தியா நீ? குளிச்சிட்டு வந்து தொட்டப்பவே அது அடங்கிப் போச்சு. மூஞ்சத் திருப்பிக்கினு போனியே. வாய் போச்சுன்னா நான் ஊமையாய்யா? கண்ணு எனக்கா இல்ல, ஒனுக்கா இல்ல?"

குரல் கரகரவென்று இருந்தது. பழைய குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் மலையில் பட்டுத் திரும்பியது. சந்தை சிரித்தது. கைகள் இரண்டும் வீசிக்கொண்டிருந்ததில் மைக் ஒயர் பச்சமுத்துவின் தோளில் பட்டுப் பட்டு விழுந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு சேற்றில் நின்று அழுதுகொண்டிருந்தார். செருப்பால் அடிப்பேன் என்று அவள் சொல்லவே இல்லை. இவ்வளவு நாளும் அவள் சொல்லியது வேறு.

"இன்னொரு தபா சொல்லு கொளஞ்சி" என்றார்.

அவள் மைக்கின் வாயை உள்ளங்கையால் மூடினாள். அவர் சட்டையைப் பிடித்து அருகில் இழுத்தாள். அந்தத் தவிடு ஊதுகிற குரலில் காதோடு சொன்னாள்.

"எங்கூடப் பேசறதுக்கு ஒனுக்குப் பொட்டி வேணுமாய்யா?"

மூன்று மாதமாக அவர் அவளிடம் இவ்வளவு அருகில் குனிந்ததில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டது.  அவள் அவரைத் தள்ளிவிட்டு மைக்கைத் திறந்துகொண்டு, பெட்டி வாங்க வாங்க என்று சந்தையைக் கூப்பிட ஆரம்பித்தாள்.